பூஜை ரூம் என்று ஒரு ஃபோல்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் வாங்கப் போன அன்று கடைக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கம்ப்யூட்டர்ல அப்படி என்னங்கக்கா முக்கியமா வெச்சிருக்கறீங்க?" என்பதுதான். ஃபோட்டோவா, பேங்க் சமாச்சாரமா, பிள்ளைகள் படிப்பா என்று அவரே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கோபம் எப்போதும் வாசலிலேயே நிற்கும், கூப்பிட வேண்டியதில்லை. "எங்கூட்டுக்காரரோட குரல் இருக்குதுங்க. போதுங்களா?" என்றேன். அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

என் கணவர் பஞ்சிங் போடுகிறவர். டீ-ஷர்ட்டின் நெஞ்சில் சின்னதாக ஒரு பூவோ சிங்கமோ எழுத்தோ நூலில் தைத்திருக்கிறதே, அது தானாக வந்துவிடாது. ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், எங்கே நூலின் நிறம் மாற வேண்டும் என்று ஒவ்வொரு தையலாகக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்த ஃபைலைப் பென் டிரைவில் ஏற்றி எம்பிராய்டரி மெஷினில் செருகினால், மெஷின் அதன்படி தைக்கும். திருப்பூரில் அந்த வேலைக்குப் பஞ்சிங் என்று பெயர். அவர் அதை வீட்டு முன்னறையில், ஜன்னலோரம் மேஜை போட்டுச் செய்தார்.

வேலை செய்யும்போது அவர் வாய் ஓயாது. மவுஸை நகர்த்திக்கொண்டே தக்காளி விலையிலிருந்து எதிர்வீட்டு நாய் வரைக்கும் பேசுவார். காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டில் யாரோ வடக்கத்தி வியாபாரி பேரம் பேசியதை அதே குரலில் செய்து காட்டுவார். நான் சமையலறையில் இருந்தாலும் விடமாட்டார். "கேக்குதா புள்ள?" என்று நடுநடுவே சத்தம் வரும். கேட்கவில்லை என்று சொன்னால் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதற்குப் பயந்தே "கேக்குதுங்க, கேக்குதுங்க" என்று சொல்லிவிடுவேன்.

அப்படிப்பட்ட மனுஷனுக்குத் தொண்டையில் வந்தது. முதலில் வெறும் இருமல்தான். பஞ்சுத் தூசி என்றோம், வெந்நீர் குடித்தார், கற்பூரவல்லி மென்றார். குரல் கம்மிப்போனது. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்வளையை முழுசாக எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்றார். எடுத்தால் பேச்சு? வராது என்றார். கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும் வழி முழுக்க இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். இவர் பேசாமல் நான் பஸ்ஸில் வந்தது அதுதான் முதல் தடவை.

அப்போது எங்கள் ஒரே மகள் பெங்களூரில் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். ஆனால் அவள் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். நான் இங்கே ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைய வேண்டும். அவளைக் கூட்டிவர வழியில்லை. மாமியார் வீட்டிலேயே பிரசவம் என்று முடிவானது. சம்பந்தியம்மா நல்ல மனுஷி. இருந்தாலும் என் பிள்ளையை என் வீட்டுக்கு அழைத்துவர முடியவில்லையே என்று எனக்கு நெஞ்சு வெந்தது.

குரலைப் பதிவு செய்து வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். "நான் என்ன பெரிய தலைவரா புள்ள, பேசி ரெக்கார்டு பண்ணி வெக்கறதுக்கு?" என்று சிரித்தார். "பொறக்கப்போற புள்ளைக்கு அப்புச்சி குரல் தெரிய வேண்டாமுங்களா?" என்றேன். அம்மாவின் அப்பாவை எங்கள் பக்கம் அப்புச்சி என்றுதான் கூப்பிடுவோம். அந்த வார்த்தை வந்ததும் சிரிப்பு நின்றது. "ஞாயித்துக்கிழமை பாக்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் தெருவில் சத்தம் அடங்கும். மற்ற நாளெல்லாம் மாடிக்கு மாடி தையல் மெஷின் ஓடும், வேன் ஹாரன் அடிக்கும், வேலையாட்களின் பாட்டு தமிழிலும் இந்தியிலும் ஒன்றோடு ஒன்று மோதும். அந்த ஞாயிறு மத்தியானம் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வேர்த்து வழிய உட்கார்ந்து அவர் ஃபோனைப் பார்த்துப் பேசினார். குரல் அப்போதே கரகரத்துப் போயிருந்தது.

"சாமி, அப்புச்சி பேசறேன். நல்லாருக்கறியா கண்ணு? உங்கம்மா சின்னப்புள்ளைல சோறே திங்க மாட்டா. நீ அப்படி இருக்காத. அப்புச்சி ஒரு கதை சொல்றேன் கேளு" என்று ஆரம்பித்து, தான் காங்கேயம் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போன கதையைச் சொன்னார். கிணற்றில் குளிப்பதற்காகப் பனியனைக் கழற்றி வேலியில் போட்டிருக்கிறார். கட்டியிருந்த காளைக் கன்று ஒன்று அதை இழுத்து மென்று விழுங்கிவிட்டது. "ஊருக்கே பனியன் போட்டு அனுப்பறவன், பனியன் இல்லாம துண்டோட பஸ் ஏறி ஊடு வந்து சேந்தேன் சாமி" என்று முடித்தார். நடுவில், கன்று பனியனை இழுக்கும் இடத்தில், இருமல் வந்துவிட்டது. இரண்டு குட்டை இருமல், அப்புறம் நீளமாக ஒன்று. இருமி முடித்து, "இது அப்புச்சி இருமலு. பயந்துக்காத சாமி" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

இருமலில்லாமல் இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று நான் கெஞ்சினேன். குழந்தை கேட்பது சுத்தமாக இருக்கட்டும் என்று எனக்கு. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "இருமலும் நாந்தான புள்ள, இருந்துட்டுப் போகட்டும் உடு" என்றார்.

இன்னும் சிலதும் பேசி வைத்தார். மகளுக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று. கடைசியில் நான் எழுந்து போன பிறகு எனக்குத் தெரியாமல் ஒன்று: "இந்தா புள்ள, ஒரு காப்பி." அவ்வளவுதான் அதில். அதை நான் ஆபரேஷனுக்குப் பிறகுதான் கண்டுபிடித்தேன். அவர் வாக்கிங் போகிற நேரத்தில் அதைப் போட்டுக் கேட்பேன். கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் நிஜமாகவே காப்பி போடுவேன். மற்றதையெல்லாம் எத்தனை முறை கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

ஆபரேஷன் முடிந்து வந்தவர் பேசுவதற்கு அந்தக் கம்ப்யூட்டரையே பிடித்துக்கொண்டார். திரையில் எழுத்தைப் பெரிதாக்கி, சொல்ல வேண்டியதையெல்லாம் தட்டினார். சமையலறையிலிருந்து பார்த்தாலே படிக்கலாம். கூப்பிட வேண்டுமென்றால் விரலைச் சொடுக்குவார். தக்காளி விலை, எதிர்வீட்டு நாய் எல்லாம் மறுபடி வந்தன, கண்ணுக்கு. நான் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் சொடுக்குமேல் சொடுக்கு. "கொஞ்சம் பொறுங்க, தாளிச்சுட்டு வந்து படிக்கறேன்" என்று கத்துவேன். அந்த வீட்டில் இப்போது நான்தான் கத்த வேண்டியிருந்தது.

பதிவு செய்ததை அனுப்பச் சொல்லி மகள் ஃபோனில் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். "அனுப்பும்மா, வயித்துல இருக்கறப்பவே கேக்கட்டும்" என்றாள். இவர் விடவில்லை. திரையில் தட்டினார்: "நேர்ல. மடில வெச்சு. நாந்தான் போடுவேன்." குழந்தை அந்தக் குரலை முதல்முதலில் கேட்கும்போது அதன் முகத்தைத் தான் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. வாய்விட்டுக் கேட்க முடியாத மனுஷன் இப்படி ஒன்று கேட்டால் எப்படி மறுப்பது? மகளும் சரி என்றுவிட்டாள். ஃபோனில் இடம் அடைக்கிறது என்று அவர் வழக்கம்போல எல்லாவற்றையும் அங்கிருந்து எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டார். ஃபோனில் இல்லை, மகளிடம் இல்லை. உலகத்திலேயே அந்தக் குரல் இருந்தது எங்கள் முன்னறை மேஜையில் மட்டும்தான்.

அது என் மனசில் உறைக்கக் காரணம் ஒரு பென் டிரைவ். எம்பிராய்டரி யூனிட்களில் பென் டிரைவ் தொலைந்துபோகாமல் இருக்க, எம்பிராய்டரி நூலிலேயே கயிறு முறுக்கி அதில் கட்டி மெஷினில் தொங்கவிட்டிருப்பார்கள். டிசைன் வேண்டுமென்றால் அதோடு கழற்றி ஆளிடம் கொடுத்தனுப்புவார்கள். அந்த ஆள் நாலு வீடு, நாலு யூனிட் போய்விட்டுத்தான் திரும்புவார். அப்படி வந்த ஒன்றைச் செருகியதும் இவருடைய டிசைன்களெல்லாம் காணாமல் போய், வெறும் ஷார்ட்கட்டாக நின்றன. இவர் பதறவில்லை. என்னவோ தட்டி, ஒளிந்திருந்த ஃபைல்களைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். "டிசைன் போனா மறுபடி போட்டுக்கலாமுங்க. அது போனா?" என்றேன். இருந்தது ஓசி ஆன்டிவைரஸ். தினமும் மூலையில் சிவப்பாக வந்து, ஆபத்து, ஆபத்து, பணம் கட்டு என்று மிரட்டுவதைத் தவிர அது எதையும் கிழித்ததாகத் தெரியவில்லை.

அதனால்தான் கடைக்குப் போனேன். கடைக்காரர் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தார். ஒன்று வைரஸை மட்டும் பார்க்குமாம், ஒன்று இன்டர்நெட்டையும் சேர்த்துப் பார்க்குமாம், ஒன்று எல்லாவற்றையும் பார்க்குமாம். "அப்ப மொத ரெண்டும் அரைக்கண்ணுலதான் பாக்குமுங்களா? அரைக்கண்ணுல பாக்கறதுக்கு எதுக்குங்க ஒரு டப்பா?" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் குரல் விஷயத்தைச் சொன்ன பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, பூட்டுப் போட்டுப் பணம் கேட்கும் வைரஸ்கூட இருக்கிறது, அதையும் தடுப்பது இது ஒன்றுதான் என்று மூன்றாவது டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். "இன்னொண்ணுங்கக்கா, அந்தக் குரல வேற ஒரு எடத்துலயும் ஒரு காப்பி போட்டு வெச்சிருங்க" என்றார். மகள் வரும்போது அவளுக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலமே வந்து ஏற்றிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் முழுக்க ஒரு தடவை தேடி முடித்து, பச்சை டிக் ஒன்று வந்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் இவர் சொடுக்கு போடுகிறார் பாருங்கள், நான் பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினேன். பஞ்சிங் சாஃப்ட்வேரைக் காணவில்லை. புது ஆன்டிவைரஸ் அதை வைரஸ் என்று சொல்லித் தின்றுவிட்டது.

இதில் ஒரு ரகசியமும் இல்லை, சொல்லிவிடுகிறேன். ஒரிஜினல் பஞ்சிங் சாஃப்ட்வேர் எங்களைப் போல வீட்டில் உட்கார்ந்து போடுகிறவர்களுக்குக் கட்டாது. பூட்டை உடைத்த காப்பிதான். கிராக் என்பார்கள். கிராக்கைக் கண்டால் ஆன்டிவைரஸுக்கு ஆகாது. அதனால் இவரும் இவருடைய சேக்காளிகளும் ஒரு வழி வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு, இதற்குள் மட்டும் நீ வராதே என்று ஆன்டிவைரஸிடம் சொல்லி வைத்துவிடுவது. அதற்குள் சாஃப்ட்வேரை வைத்தால் ஆபத்தில்லை. இவர் அதற்குப் 'பூஜை ரூம்' என்று பெயர் வைத்திருந்தார். செருப்புக் காலோடு யாரும் நுழையக்கூடாதாம். புது ஆன்டிவைரஸுக்கு அதைச் சொல்ல மறந்திருக்கிறார், அது நுழைந்து தின்றுவிட்டது.

அன்றைக்கு யூனிட்டில் மெஷின் காத்துக்கொண்டு நின்றது. இவர் திரையில் எழுத்தை எத்தனை பெரிதாக்க முடியுமோ அத்தனை பெரிதாக்கி, "இதத்தான் காசு குடுத்து வாங்கிட்டு வந்தியா?" என்று தட்டினார். "கத்தாதீங்க!" என்று நான் கத்தினேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவர் சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது.

சேக்காளி ஒருவர் வந்து மறுபடி சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தார். பூஜை ரூமுக்குள் வராதே என்று புது ஆன்டிவைரஸிடம் முறையாகச் சொன்னார்கள். அதெல்லாம் முடிந்து அவர் போன பிறகு, இவர் தன் குரலெல்லாம் இருந்த ஃபைல்களைப் பிடித்து இழுத்துப் பூஜை ரூமுக்குள் போட்டார். நான் ஏன் என்று கேட்டேன். "இன்னைக்கு சாஃப்ட்வேரத் தின்னுச்சு. நாளைக்கு இதத் தின்னா?" என்று தட்டினார்.

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் அதுவரை ஃபைலை அழித்தது வைரஸ் அல்ல, ஆன்டிவைரஸ்தான். வைரஸ் ஒளித்து வைத்ததை இவர் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். ஆன்டிவைரஸ் தின்றதுதான் திரும்பவில்லை. அப்படியிருக்க, அதன் கை எட்டாத இடத்தைவிடப் பத்திரமான இடம் வேறு ஏது? "நல்ல வேலை பண்ணுனீங்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

பேத்தி பிறந்தாள். நாங்கள் போய்ப் பார்க்க முடியவில்லை. இவருக்கு மூச்சு விடக் கழுத்தில் போட்டிருந்த துளையைச் சுற்றிப் புண் ஆறாமல் சீழ் வைத்திருந்தது, வெளியூர் போகக்கூடாது என்றுவிட்டார்கள். வீடியோவில் பார்த்தோம். மகள் குழந்தையைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவருவாள். இவர் இங்கிருந்து சொடுக்கு போடுவார். அங்கே ஃபோனில் அது கேட்குமோ என்னவோ, குழந்தை எங்கேயோ பார்க்கும். "கொஞ்ச நாள்ல கூட்டிட்டு வர்றேம்பா. வந்ததும் போட்டுக் காட்டுங்க" என்பாள் மகள். இவர் மேஜையைத் தட்டிக் காட்டுவார், இங்கே இருக்கிறது என்று.

அவர்கள் வருவதற்கு முந்தின மாதம் சேக்காளியிடமிருந்து ஒரு பென் டிரைவ் வந்தது. பஞ்சிங் சாஃப்ட்வேரில் புதுசு ஒன்று வந்திருக்கிறது, நல்ல வேகம் என்று கொடுத்தனுப்பியிருந்தார். பச்சை நூலில் கட்டியிருந்தது. இவர் அதை நேராகப் பூஜை ரூமுக்குள் போட்டார். வேறெங்கே போட்டாலும் ஆன்டிவைரஸ் தின்றுவிடும் அல்லவா, எப்போதும் செய்வது போலத்தான் செய்தார். ஓடவிட்டுப் பார்த்தார். என்னவோ ஆரம்பித்தது, நின்றது. சரி, அப்புறம் பார்ப்போம் என்று சாப்பிட வந்தார்.

சாப்பிட்டுவிட்டுப் போனவர் சொடுக்கு போட்டார். நான் வரும்வரை நிறுத்தவில்லை. நான் வந்து நின்ற பிறகும் அவர் விரல் சொடுக்கிக்கொண்டே இருந்தது. திரையில் பூஜை ரூம் திறந்திருந்தது. ஒவ்வொரு ஃபைலின் பெயருக்கும் பின்னால் வாயில் நுழையாத ஒரு வால் ஒட்டியிருந்தது. இங்கிலீஷில் ஒரு அறிவிப்பு: உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், டாலரில் பணம் அனுப்பினால் சாவி தருவோம். அவர் தன் குரல் இருந்த ஃபைலை அழுத்தினார். திறக்க முடியவில்லை என்றது. மறுபடி அழுத்தினார். மறுபடி. நான் அவர் கையைப் பிடித்து மவுஸிலிருந்து எடுத்தேன். திரையின் மூலையில் அந்தப் பச்சை டிக் அப்போதும் இருந்தது.

கடைக்காரருக்கு ஃபோன் போட்டு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பாவம், அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வந்து, பார்த்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. வெளிய இருக்கற எல்லாத்தயும் இது காப்பாத்தியிருக்குதுங்க. பூட்ட வந்தத ஓரெடத்துலயும் உள்ள உடலீங்க. இந்த ஒரு ஃபோல்டரத்தான் நீங்களே பாக்க வேண்டாம்னு சொல்லி வெச்சிருக்கறீங்க. சொன்ன பேச்சக் கேட்டு அது இதுக்குள்ள வரலீங்க."

உண்மைதான். கரண்ட் பில் இருந்தது. ரேஷன் கார்டு ஸ்கேன் இருந்தது. யாரென்றே தெரியாத ஒறம்பரைச் சொந்தங்களின் கல்யாணப் படங்கள் அத்தனையும் பளிச்சென்று இருந்தன. பூஜை ரூமில் வைத்தது மட்டும் போய்விட்டது. பணம் கட்டினாலும் சாவி வரும் என்று நிச்சயமில்லை, கட்டாதீர்கள் என்றார் கடைக்காரர். எப்போதாவது இந்த மாதிரிப் பூட்டுக்கு யாராவது சாவி கண்டுபிடித்துச் சும்மா கொடுப்பார்கள், ஃபைலை அழிக்காமல் வைத்திருங்கள் என்றார்.

இவர், "நாந்தான் தொறந்து உட்டேன்" என்று தட்டினார். அதற்கப்புறம் எதையும் தட்டவில்லை. குரல் போனபோதுகூடப் பேச்சை நிறுத்தாத மனுஷன் அன்றோடு நிறுத்திவிட்டார். சொடுக்கு இல்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிடுவார், வைக்கவில்லை என்றால் கேட்கமாட்டார். நான் வேண்டுமென்றே ரசத்தில் உப்புப் போடாமல் வைத்துப் பார்த்தேன். குடித்துவிட்டு எழுந்து போனார். பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

பூஜை ரூமை மூடியது நான்தான். கடைக்காரரைக் கூப்பிட்டு, இனி இந்த வீட்டில் எந்த மூலையும் விதிவிலக்கு இல்லை, எல்லா இடத்தையும் பார் என்று ஆன்டிவைரஸிடம் சொல்லச் சொன்னேன். கிராக் போனது. அதோடு வீட்டில் பஞ்சிங்கும் போனது. மங்கலம் ரோட்டு யூனிட்காரர், "இங்க ஒரிஜினல் இருக்குதுங்கண்ணா, வந்து உக்காந்து போடுங்க" என்று கூப்பிட்டார். இவர் தினமும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அங்கே போய்வந்தார். ஆன்டிவைரஸ் எல்லாவற்றையும் தேடி முடித்து, வாலோடு கிடந்த அந்த ஃபைல்களைக் காட்டி, சந்தேகமாக இருக்கிறது, நீக்கட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்பதை நானே அழுத்தினேன்.

மகளுக்கு ஃபோனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்து, அவளே ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வந்து இறங்கிவிட்டாள். ஆரத்தி எடுத்தேன். வந்தவள் காப்பிகூடக் குடிக்கவில்லை. நேராக முன்னறைக்குப் போய், அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் மடியில் குழந்தையை வைத்தாள். கம்ப்யூட்டரைத் தானே போட்டாள். "சொன்ன மாதிரி நேர்ல, மடில. போடுங்கப்பா. இவ கேக்கட்டும், நானும் இன்னும் கேக்கவே இல்ல" என்றாள்.

அவர் கை மவுஸ்மேல் போய் நின்றது. நகரவில்லை. குழந்தை அவர் கழுத்துத் துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. காப்பாற்று என்று கேட்கிற பார்வை அது.

தெரு அமைதியாக இருந்தது. நான் ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, குழந்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். "சாமி, அப்புச்சி பேசறேன்" என்றேன். "நல்லாருக்கறியா கண்ணு? உங்கம்மா சின்னப்புள்ளைல சோறே திங்க மாட்டா. நீ அப்படி இருக்காத."

மகள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். நான் நிறுத்தவில்லை. அத்தனை தடவை கேட்டிருக்கிறேன், எங்கே மூச்சு வாங்குவார், எங்கே இழுப்பார், எல்லாம் தெரியும். அவர் என் முகத்தையே பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவர் உதடும் என்னோடு சேர்ந்து அசைய ஆரம்பித்தது.

காங்கேயம் வந்தது, கிணறு வந்தது. "கன்னுக்குட்டி வேலில கெடந்த பனியனப் புடிச்சு இழுக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

சொடுக்கு விழுந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு கேட்ட சொடுக்கு. நான் நின்றேன். அவர் தலையை இல்லை என்று ஆட்டினார். தன் தொண்டையில் கையை வைத்துக் காட்டினார்.

எனக்குப் புரிந்தது. இரண்டு குட்டையாக, ஒன்று நீளமாக, அவரைப் போலவே இருமினேன். "இது அப்புச்சி இருமலு. பயந்துக்காத சாமி" என்றேன்.

குழந்தை பயப்படவில்லை. என்னைப் பார்த்து, அப்புறம் நிமிர்ந்து தன் அப்புச்சியைப் பார்த்து, கலகலவென்று சிரித்தது. அவர் தோள் குலுங்கியது. மறுபடி சொடுக்கு போட்டார். நான் மறுபடி இருமினேன். அது மறுபடி சிரித்தது. அவர் சொடுக்கிக்கொண்டே இருந்தார், கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்காமல் பேத்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டு. நான் தொண்டை வலிக்க வலிக்க இருமினேன்.